வரம் வாங்கியவன் கெடும் கணக்கு: பழனிமலைப் பின்னணியில் மாயக்கதை எழுதுவோருக்கு

நல்லவன் ஒருவன் கையில் சக்தி வந்ததும் கெட்டுப்போகிறான் என்று மாயக்கதை எழுதப் புகுந்தவர்களில் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். பத்தாம் அத்தியாயம் வரை தங்கமானவன். பதினைந்தில் கண் சிவந்து கொக்கரிக்கிறான். நடுவில் என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியவில்லை. மனம் இருண்டது, ஆசை தலைக்கேறியது என்று இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அந்த இரண்டு வரிக்குள்தான் மொத்த நாவலும் இருக்கிறது.

அந்த நடுப்பகுதியைக் கட்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். களம் பழனிமலை: கொடைக்கானல் மேல்மலையும், தெற்கே இறங்கும் சரிவுகளும். இங்கே மேலே ஒருவர் செய்வது கீழே இன்னொருவர் தலையில் விடியும், அதுவும் பல மாதம் தள்ளி. அதிகாரம் ஒருவனை மெல்ல மெல்ல மாற்றுவதைக் காட்ட இதைவிட வாகான மண் கிடைப்பது அரிது.

சக்தியின் விலையை யார் கொடுப்பது?

ஆளை யோசிப்பதற்கு முன் சக்தியை முடிவுசெய்யுங்கள். ஒரு தாளில் மூன்றே வரி போதும்: இந்தச் சக்தி என்ன செய்யும், அதற்கு விலை யார் கொடுப்பார், அந்த விலை எப்போது தெரியவரும்.

இரண்டாவது வரியில்தான் பெரும்பாலான கதைகள் வழி தவறுகின்றன. சக்தியைப் பயன்படுத்தினால் மூக்கில் ரத்தம் வரும், முடி நரைக்கும், ஆயுள் குறையும் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் கிடைப்பவன் தியாகி. தன் உடம்பைக் கொடுத்து ஊரைக் காப்பவன் எத்தனை தவறு செய்தாலும் வாசகர் அவன் பக்கமே நிற்பார். மறுபக்கம், சக்தியை எடுத்த மறுநொடி எதிரில் ஒருவர் செத்து விழுவார் என்று விதி வைத்தாலும் பயனில்லை. அதைப் பார்த்த பிறகும் இரண்டாம் முறை செய்பவன் தொடக்கத்திலேயே கொடியவன்; அவனுக்குக் கெட்டுப்போக எதுவும் மிச்சமில்லை.

விலை அடுத்தவர் மேல் விழ வேண்டும், கண்ணுக்கெட்டாத தூரத்தில் விழ வேண்டும், தாமதமாக விழ வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு நல்ல மனிதன் தெரியாமல் தொடங்கி, பாதி தெரிந்தும் தொடர்ந்து, முழுக்கத் தெரிந்தும் நிறுத்த முடியாத இடத்துக்கு வந்து சேர்வான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே போவோம். வேலப்பன், வயது 24. பூம்பாறையைப் போலப் படிப்படியாக வயல் இறங்கும் ஒரு மேல்மலை ஊர். மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் பயிர். அவனுக்கு வாய்க்கும் வரம்: மஞ்சை, அதாவது மலைமேல் தவழும் மூடுபனியை, கூப்பிட்டு வரவழைத்து, வேண்டிய பாத்தியில் இறக்கலாம். விதி: இங்கே இறங்கிய ஈரம், மலைமுதுகுக்கு அந்தப் பக்கம் இறங்கியிருக்க வேண்டிய ஈரம். புதிதாக எதுவும் உண்டாவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இப்போது மலையின் உண்மையான நீர்வழியைப் பாருங்கள். சோலைக்காடும் புல்வெளியும் பெய்த மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடை வரை கொஞ்சங்கொஞ்சமாக விடுகின்றன. வடக்கே இறங்கும் ஓடைகள் பழனி வழியாக அமராவதிக்குப் போகின்றன. தெற்கே இறங்குபவை வைகைக்கு. பேரிஜம் ஏரித் தண்ணீரைக் கீழே பெரியகுளத்தில் குடிக்கிறார்கள். ஆகவே மேலே இருப்பவன் தொடும் ஒவ்வொரு சொட்டுக்கும் கீழே ஒரு குடம் காத்திருக்கிறது. இந்தப் பூகோளத்தை முதல் அத்தியாயத்திலேயே, சும்மா போகிற போக்கில், சந்தைப் பேச்சாகவோ பஸ் பேச்சாகவோ வாசகர் காதில் போட்டுவிடுங்கள்.

தாமதத்தையும் மண்ணிலிருந்தே எடுங்கள். தெற்குச் சரிவில் ஒரு காப்பி ஊர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் ஒரு மழை விழுந்தால்தான் காப்பி ஒரே சீராகப் பூக்கும். பூத்தது பழமாகப் பழுக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகும். மேலே வேலப்பன் ஐப்பசியில் ஊன்றிய பூண்டுக்குத் தையிலும் மாசியிலும் மஞ்சை இறக்குகிறான். பங்குனியில் பூண்டைப் பிடுங்கிக் கட்டி, அடுப்புப் புகையில் தொங்கவிடுகிறான். கீழே பூ கட்டவில்லை என்பது கார்த்திகையில் கூடை நிறையாதபோதுதான் கைக்குத் தெரிகிறது. அதற்குள் மேலூரில் பூண்டு விற்ற பணத்தில் இரண்டு கல்யாணம் முடிந்திருக்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கணக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்தத் தாமதம் கற்பனையில் மட்டும் இருப்பதல்ல. பட்டைக்கும் விறகுக்கும் ஆகும் என்று கொண்டுவந்து நட்ட வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்கள் இன்று இதே மலையின் புல்வெளிகளை மூடிக்கொண்டு நிற்கின்றன. நட்டவர் எவரும் மலையை அழிக்க நினைத்து நடவில்லை. உங்கள் கதைமாந்தருக்கு வேண்டியதும் இந்த மாதிரியான குற்றமே.

குறை வேண்டாம், நல்ல குணம் ஒன்று வேண்டும்

பேராசை, பொறாமை, சின்ன வயதில் பட்ட அவமானம் இவற்றிலிருந்து தொடங்காதீர்கள். குறையில் தொடங்கினால், சக்தி வந்ததும் குறை பெரிதாயிற்று என்பதோடு கதை முடிந்துவிடும். அவனுடைய மிகச் சிறந்த குணம் எது என்று கேளுங்கள். அதுதான் திரியப்போகிறது.

வேலப்பனுக்கு அடுத்தவர் பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. இந்த ஒரு குணமே அவனைக் கடைசி வரை கொண்டுபோகும். முதலில் அது இரக்கம். பிறகு, பயிரைக் காப்பது தன் பொறுப்பு. பிறகு, பயிர் பிழைத்தது தன்னால். பிறகு, பிழைத்த பயிர் தன்னுடையது. ஒவ்வொரு கட்டத்திலும் அவன் உள்ளத்தில் ஓடும் சொல் ஒன்றேதான்: ‘நான் விட்டா இவுக கதி என்ன?’ முதல் அத்தியாயத்தில் அந்தக் கேள்வி கண்ணீரோடு வருகிறது, முப்பதாவதில் மிரட்டலாக வருகிறது. நீதி பார்ப்பவன் தண்டிப்பவனாகவும், திறமைசாலி மற்றவர் திறமையை மதிக்காதவனாகவும் மாறுவதும் இதே வழிதான். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு குணத்தைத் திரிக்கப் போனால் இரண்டும் மங்கும்.

ஐந்து முடிவுகள்

அவன் விழுவதை உணர்ச்சிகளாகத் திட்டமிடாமல் முடிவுகளாகத் திட்டமிடுங்கள். ஒரு நோட்டில் ஐந்து பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு முடிவுக்கும் எழுதுங்கள்: கேட்டவர் யார், லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு, வேண்டாம் என்று சொன்னவர் யார், அவருக்கு இவன் சொன்ன பதில் என்ன.

முதல் முடிவு, கேட்டதால் செய்வது. வானம் துடைத்து விட்டாற்போல் தெளிந்திருக்கும் மார்கழி இரவில்தான் உறைபனி விழும். மஞ்சு மூடியிருந்தால் விழாது. கடன் வாங்கிக் கிழங்கு போட்ட ராக்கம்மா ராத்திரி பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறாள். அவன் ஒரே ஒரு வயலின் மேல் மஞ்சை இழுத்துப் போர்த்துகிறான். காலையில் சுற்றியிருக்கும் வயலெல்லாம் வெள்ளை பூத்துக் கருக, அவள் பாத்தி மட்டும் பச்சையாக நிற்கிறது.

இரண்டாவது, கேட்காமலே செய்வது. ஒருத்திக்குச் செய்தால் ஊருக்குச் செய்ய வேண்டாமா? நியாயம்தான். ஆனால் கேட்பவர் இல்லாமல் போன அன்றே, வேண்டாம் என்று சொல்லும் இடமும் இல்லாமல் போகிறது. அதை வாசகருக்குச் சுட்டிக்காட்டாதீர்கள். ஊர் மகிழட்டும், வாசகரும் மகிழட்டும்.

மூன்றாவது முடிவுதான் நாவலின் முதுகெலும்பு: ஒருவருக்கு மறுப்பது. முறைத்தண்ணீரை இரவில் தன் பாத்திக்குத் திருப்பிவிட்டுப் பிடிபட்டவன் சடையன். அவன் வயலில் மட்டும் இந்த வாரம் மஞ்சு இறங்கவில்லை. வாசகர் இந்த இடத்தில் கை தட்ட வேண்டும். தட்டவில்லை என்றால் சடையனை இன்னும் கொஞ்சம் மோசமானவனாக ஆக்குங்கள். மஞ்சு இதுவரை உதவி. இனி அது கூலியும் தண்டனையும். சடையனின் சின்ன மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் தூக்குவாளியில் என்ன குறைந்தது என்பதை ஒரே வரியில், வேறொரு காட்சிக்கு நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நான்காவது, தெரிந்தும் தொடர்வது. கீழூர் சின்னப்பொண்ணு மலையேறி வந்து, காய் பிடிக்காத காப்பிக் கிளையை அவன் முன் வைக்கிறாள். அவனுக்குப் புரிகிறது. “அடுத்த வருசம் பாத்துக்கலாம் தாயி” என்கிறான். மனதாரத்தான் சொல்கிறான். அடுத்த மாதம் அவள் வந்தபோது வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்கிறான்.

ஐந்தாவதற்குக் காரணமே வேண்டியதில்லை. தேரோட்டத்தன்று தேருக்குப் பின்னால் மஞ்சு சுருண்டு வந்தால் பார்க்க அழகாக இருக்கும். அவ்வளவுதான். கீழே ஓர் ஊற்று அன்று நிற்கிறது. ரத்தமோ கொலையோ இங்கே தேவையில்லை. அழகுக்காகச் செய்தான் என்பதே வாசகரின் அடிவயிற்றைக் கலக்கும்.

நோட்டின் ஐந்தாம் பத்தியை மேலிருந்து கீழாக வாசித்துப் பாருங்கள். “சரிதான், பாத்துச் செய்யறேன்” என்று தொடங்கி, “எனக்குத் தெரியும்” என்று குறுகி, “ஒங்களுக்கு என்ன தெரியும்” என்று திரும்பி, கடைசியில் பதிலே இல்லாத வெற்றிடமாக முடிய வேண்டும். அந்தச் சரிவு தெரியவில்லை என்றால் காட்சிகளை எழுதத் தொடங்காதீர்கள்.

நடுவில் எதைக் காட்டுவது என்று திணறுவோருக்கு உளவியலில் ஒரு நல்ல கைப்பிடி உண்டு. டேவிட் கிப்னிஸ் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், மேலாளர் வேடம் ஏற்றவர்களில் சிலருக்குக் கீழே வேலை செய்பவர்கள் மீது அதிகாரம் தரப்பட்டது, சிலருக்குத் தரப்படவில்லை. அதிகாரம் பெற்றவர்கள் அதிகமாகத் தலையிட்டார்கள், அடுத்தவர் வேலையைக் குறைத்து மதிப்பிட்டார்கள், அவர்கள் உழைத்ததற்குத் தங்கள் அதிகாரமே காரணம் என்று எண்ணினார்கள், அவர்களோடு நெருங்கிப் பழகாமல் விலகியிருக்க விரும்பினார்கள். இந்த நான்கையும் அதே வரிசையில் காட்சியாக்குங்கள். வேலப்பன் முதலில் யார் எப்போது களை எடுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்குகிறான். பிறகு ராக்கம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்துகிறான். பிறகு “நான் எறக்குன மஞ்சுக்கு வெளைஞ்ச கெழங்கு” என்கிறான். கடைசியில் டீக்கடை பெஞ்சில் உட்காருவதில்லை. வீட்டுக்கே டீ வருகிறது.

செருப்பு

பெரிய முடிவுகளுக்கு நடுவில் சின்னப் பழக்கம் ஒன்று மாறிக்கொண்டே வர வேண்டும். நாவல் முழுக்க ஒரே ஒரு பொருள் போதும். பழனிமலையிலிருந்தே ஒன்றைக் காட்டலாம். வட்டக்கானலிலிருந்து காட்டுப்பாதையில் இறங்கினால் வரும் வெள்ளகவியில், ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊரே கோயில் என்பதால் எல்லையிலேயே கழற்றிவிடுவார்கள். இதைப் போன்ற ஒரு வழக்கத்தை உங்கள் கற்பனை ஊருக்குக் கொடுங்கள்.

முதல் முறை: வேலப்பனின் உள்ளங்காலில் ஆழமான வெட்டுக்காயம். ஊர்ப் பெரியவரே, “செருப்போட வாப்பா, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது” என்கிறார். அவன் கூசிக் கூசி நடக்கிறான்; கோயில் வாசல் வந்ததும் காயத்தோடு கழற்றிவிடுகிறான். இரண்டாம் முறை காயம் ஆறிவிட்டது, தோல் இன்னும் மென்மையாக இருக்கிறது. மூன்றாம் முறை அவன் எல்லைக் கல்லைத் தாண்டும்போது பேச்சு மும்முரத்தில் இருக்கிறான். கூட வருபவர்கள் கழற்றுகிறார்கள், அவனுக்காக நின்று பார்க்கிறார்கள், எதுவும் சொல்லவில்லை. நான்காம் முறை ஒரு சிறுவன், “மாமா, செருப்பு” என்கிறான். அவன் அம்மா பையனின் வாயைப் பொத்துகிறாள். ஐந்தாம் முறை நீங்கள் செருப்பைப் பற்றி எழுதவே வேண்டாம். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒருவன் அவனுக்காகப் புதுச் செருப்போடு காத்திருக்கிறான் என்று எழுதினால் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது: முதல் சலுகையை அவன் எடுத்துக்கொள்ளவில்லை, ஊர் கொடுத்தது. பையனின் வாயைப் பொத்தியதும் அவன் இல்லை. காட்சிக்குக் காட்சி இடைவெளி குறைந்தது நான்கு அத்தியாயம் இருக்கட்டும். அடுத்தடுத்து வைத்தால் வாசகர் உங்கள் கையைப் பார்த்துவிடுவார்.

யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள்

தமிழில் எழுதுபவருக்கு இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது. அதிகாரம் ஏறுவதைச் சொல்ல வர்ணனையே தேவையில்லை. விளியும் வினைமுற்றும் போதும். ராக்கம்மா முதலில், “டேய் வேலா, இங்கிட்டு வாடா” என்பாள். கிழங்கு பிழைத்த பிறகு “வேலா, கொஞ்சம் வந்துட்டுப் போப்பா”. அடுத்த வருடம் “வாங்க தம்பி”. கடைசியில் அவன் முன்னால் நின்றுகொண்டே பக்கத்திலிருப்பவரிடம் “ஐயா என்ன சொல்றாகளோ அதுபடி” என்பாள். வயதில் மூத்தவள், அவனைத் தூக்கி வளர்த்தவள், இந்த நான்கு படி இறங்குவதை வாசகர் பார்த்தாலே நெஞ்சு கனக்கும்.

அவன் பேச்சிலும் இதே வேலை நடக்கட்டும். “நாம மஞ்சு எறக்குவோம்”, பிறகு “நான் எறக்குறேன்”. “நம்ம ஊரு”, பிறகு “என் ஊரு”. தாயிடம் பேசும் பேச்சை மட்டும் மாற்றாமல் கடைசிவரை வைத்திருங்கள். அங்கே ஒருநாள் சொல் மாறினால் அது அத்தியாயத்தின் முடிவாக நிற்கும்.

கதைசொல்லி மாறக் கூடாது. ஊர் “அவுக” என்று சொன்னாலும் நீங்கள் தொடக்கத்திலிருந்து இறுதிவரை “அவன்” என்றே எழுதுங்கள். நடுவில் “அவர்” என்று மாறினால் நீங்களும் அவன் ஆளாகிவிட்டீர்கள்.

இடித்துச் சொல்பவரை எப்படி வெளியேற்றுவது

இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்கிறது 448-ஆம் குறள். ஆகவே உங்கள் கதையில் அந்த ஆள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், பாதியில் அவர் காட்சியிலிருந்து போகவும் வேண்டும். வேலப்பனுக்குப் பெரியப்பா. அவரைக் கொன்றால் கதை மலிந்துவிடும். சண்டை போட்டு விரட்டினாலும் வேலப்பன் தன்னைக் குற்றவாளியாக உணர்ந்துவிடுவான். மரியாதை செய்து அனுப்புங்கள். ஊர் சார்பில் பழனியில் மடம் ஒன்றைக் கட்டி, அதைப் பார்த்துக்கொள்ள உங்களைவிட யார் இருக்கிறார் பெரியப்பா என்று கும்பிட்டு அனுப்பிவைக்கிறான். கிழவர் கண்கலங்கிப் போகிறார். அதற்குப் பிறகு ஊரில் “வேண்டாம்டா” என்று சொல்ல நாக்கு இல்லை.

பெரியப்பாவை மகானாக எழுதாதீர்கள். அவர் சொல்வதில் பாதி தவறாக இருக்க வேண்டும். அவருக்கும் ஒரு வயல் வேண்டும், ஒரு பழைய வஞ்சம் வேண்டும். அப்போதுதான் அவர் சரியாகச் சொல்லும் ஒரு விஷயத்தையும் வேலப்பன் தள்ளிவிட முடியும், வாசகரும் அதை நம்புவார்.

லாபம் பெறுபவர்கள் இன்னொரு கூட்டம். ஒருவன் தனியாகக் கெடுவதில்லை. ராக்கம்மா நன்றி மறக்காதவள், அதனாலேயே வாய் திறக்காதவள். இவளை எழுதுவதில் நீங்கள் எடுக்கும் சிரத்தையைப் பொறுத்தே நாவலின் தரம் இருக்கும்.

நகுஷனிடம் கற்க வேண்டியது

நம் புராணத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தவம் செய்து வரம் வாங்கும் அசுரன். அவன் கேட்கும்போதே அதிகாரத்துக்காகக் கேட்கிறான். அவனிடம் மாற்றம் இல்லை, வளர்ச்சி மட்டுமே. இன்னொன்று நகுஷன். இந்திரன் விருத்திரனைக் கொன்ற பாவத்துக்கு அஞ்சித் தாமரைத் தண்டில் ஒளிந்தபோது, தேவர்களே தேடி வந்து அரியணையில் ஏற்றிய மனிதன். எனக்கு வலிமை இல்லை என்று அவன் தயங்குகிறான். உன் பார்வையில் படுபவர் தேஜஸ் எல்லாம் உனக்கு வரும் என்று அவர்களே வரமும் தருகிறார்கள். கெடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். இந்திரன் இடம் எனக்கு என்றால் இந்திராணியும் எனக்குத்தானே என்கிற அவன் வாதம், கொடுத்ததை எல்லை வரை நீட்டிப் பார்ப்பது. கடைசியில் முனிவர்கள் பல்லக்கைத் தூக்குகிறார்கள், விரைந்து போகச் சொல்லி அகத்தியரை உதைக்கிறான், பாம்பாகச் சபிக்கப்படுகிறான்.

தயக்கத்தோடு ஏறுவது, பிறர் வலுவை உறிஞ்சும் சக்தி, தர்க்கத்தோடு வரும் பேராசை, ஓர் உதை. உதைத்த கால்தான் கதையை முடிக்கிறது, கவர நினைத்த மனம் அல்ல. உங்கள் கதையிலும் வீழ்ச்சியைத் தொடங்கிவைப்பது பெரிய பாவமாக இருக்க வேண்டியதில்லை. உடம்பால் செய்த ஒரு சின்ன அவமரியாதை போதும்.

காலமும் அளவும்

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006-இலும் 2018-இலும் பூத்தது, அடுத்தது 2030. மலைமக்கள் சிலர் குறிஞ்சி பூத்ததைக் கொண்டு வயதைக் கணக்கிட்டதாகச் சொல்வதுண்டு. ஒரு பூப்பில் தொடங்கி அடுத்த பூப்பில் முடிப்பது இந்தக் கதைக்குச் சரியான நீளம். ஆனால் 12 ஆண்டையும் சமமாகப் பங்கிடாதீர்கள்.

2,000 சொல் வீதம் 40 அத்தியாயம் என்று வைத்தால் 80,000 சொல். வரம் 4-ஆம் அத்தியாயத்துக்குள் வந்துவிடட்டும். மூன்றாவது முடிவு 14 அல்லது 15-இல். பெரியப்பா 20-இல் போகிறார். நான்காவது முடிவு 24-இல். இதுவரை மூன்று ஆண்டுதான் ஓடியிருக்கும். மிச்ச ஒன்பது ஆண்டு அடுத்த 8 அத்தியாயத்தில் ஓடட்டும். கெட்டபின் நடப்பது பெரும்பாலும் ஒன்றேதான், அதை நீட்டினால் வாசகர் சோர்ந்துவிடுவார். கடைசி 8 கணக்குத் தீர்க்க. சின்னப்பொண்ணு 2-ஆம் அத்தியாயத்திலேயே பெயரோடும் முகத்தோடும் வந்துவிட வேண்டும். விலை கொடுப்பவர் நடுவில் திடீரென முளைத்தால் அவர் வெறும் சாட்சியாகிவிடுவார்.

சிறுகதை என்றால் ஐந்து முடிவும் வேண்டாம். 3,000 சொல்லில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு இறங்கும் ஒரே வாரத்தை எழுதுங்கள்.

அடிக்கடி கெடும் இடங்கள்

கல், வாள், மோதிரம் என்று ஏதாவது ஒரு பொருள் அவன் காதில் பேசி அவனைக் கெடுக்கிறது என்று எழுதினால், குற்றம் பொருளுக்குப் போய்விடும். சக்தி ஒரு பொருளில்தான் இருக்க வேண்டுமானால், ஓர் அத்தியாயம் அதை அவனிடமிருந்து பிடுங்குங்கள். அப்போதும் அவன் அதே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நடக்கவில்லை என்றால் கெட்டது அவன் இல்லை.

கெடக் கெட நிறம் கறுப்பது, குரல் கரகரப்பது, கறுப்புத் துணி உடுத்துவது: விட்டுவிடுங்கள். கறுப்பு நிறத்தைத் தீமைக்கு அடையாளமாக்குவது நம் வாசகர் பாதிப் பேரின் முகத்தில் அடிப்பது. வேலப்பன் வரவர அழகாகட்டும், நன்றாக உடுத்தட்டும், பொறுமையாகப் பேசட்டும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. மலையில் மாயம் என்றதும் இங்கே வாழும் மலைமக்களான பளியரையோ புலையரையோ மந்திரவாதியாக எழுதும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். நீலகிரியில் குறும்பர்கள் மேல் சூனியப் பழி சுமத்தி, 19-ஆம் நூற்றாண்டில் கொலைகளே செய்திருக்கிறார்கள். அந்தப் பழியைக் கதை என்ற பெயரில் இன்னொரு மலையில் விதைக்க நமக்கு உரிமை இல்லை. பளியர் ஒருவர் உங்கள் கதையில் வந்தால், காட்டை அறிந்த, வேலப்பனோடு வாதாடுகிற, தன் லாப நஷ்டம் பார்க்கிற மனிதராக வரட்டும்.

முடிவு

கொன்று முடிப்பது எளிது, ஆனால் கணக்கு தீராது. நம் மரபில் வேறு வழிகள் இருக்கின்றன. சூரபத்மன் மயிலும் சேவலுமாகி முருகனிடமே நிற்கிறான். இரண்டு மலையைக் காவடியாகச் சுமந்த இடும்பன், தோற்றபின் அதே பழனியில் காவல் நிற்கிறான். படியேறுகிறவர்கள் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். தோற்றவனுக்கு ஒரு வேலை கொடுக்கும் முடிவு இது. வேலப்பனுக்கும் வேலை கொடுங்கள்: மஞ்சு இல்லாமல், மண்வெட்டியோடு, கீழூர் ஊற்றைத் தூர் வாருவது. சின்னப்பொண்ணு அவனை மன்னிக்க வேண்டியதில்லை. மேலூர் அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டும், மஞ்சை இறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அவன் இல்லாமலும் அந்த ஊரில் அந்தப் பசி இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

முதல் வரைவு முடிந்ததும் வேலப்பனின் பேச்சை மட்டும் தனியாகப் பிரித்து வரிசையாக வாசியுங்கள். பிறகு நான்கு பேரிடம் முழுக் கதையைக் கொடுத்து, எந்த வரியில் இவனைக் கைவிட்டீர்கள் என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு மூன்றாவது முடிவிலேயே விழுந்தால் சடையன் போதுமான அளவு கெட்டவனாக இல்லை. எல்லாக் கோடும் ஐந்தாவதுக்குப் பிறகு விழுந்தால் சின்னப்பொண்ணுக்கு இன்னும் இரண்டு காட்சி வேண்டும். நான்கு பேரும் நடுவில் வெவ்வேறு இடங்களில் கோடு போட்டு, அதைப் பற்றித் தங்களுக்குள் சண்டையும் போட்டால், திருத்துவதை நிறுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.